அறுபத்தொண்ணுன்னுதான் சொன்னான்

ஏனுங்க, சித்தெ அக்கட்ட நகந்து உக்காந்துக்கறீங்களா? இந்த மூலையில இருந்தாத்தான் அந்தக் கதவு தெரியுது. ஆமாங்க, பச்சைத் திரை போட்டிருக்கறதுதான். உள்ள என்ற மாப்பிள்ளை படுத்திருக்கறான். தங்கச்சி வூட்டுக்காரனுங்க. பேரு பூபதி. ரெண்டு கண்ணையும் கட்டி வெச்சிருக்கறாங்க.

நான் உள்ள போகக் கூடாதாமா. டாக்டர் சொன்னதில்லைங்க. டாக்டர் சொன்னா சரின்னு போயிருவனே. என்ற கூடப் பொறந்தவ சொல்லியிருக்கறா. "எங்கண்ணன் வந்தா உள்ள உடாதீங்க சிஸ்டர்"னு நர்சுகிட்டச் சொல்லி வெச்சிருக்கறா. அந்த நர்சுப் புள்ளையும், நான் பெஞ்சை உட்டு எந்திரிச்சாலே கதவுக்கு முன்னால வந்து நின்னுக்குது. தினமும் சங்ககிரியிலிருந்து கோயமுத்தூருக்கு பஸ் ஏறி வர்றேன். இந்த பெஞ்சுல உக்காந்திருக்கறேன். பொழுதோட திரும்பப் போறேன். இதையெல்லாம் யாருகிட்டப் போயிச் சொல்றதுங்க?

நீங்க அம்மாளுக்குப் புரை எடுக்க வந்தீங்களா? அதொண்ணும் பயமே இல்லைங்க. காத்தால உள்ள போனா மத்தியானம் கருப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வந்துருவாங்க. இங்க நல்லாத்தான் பாக்கறாங்க. உங்களைப் பாத்தா நாயம் தெரிஞ்ச ஆளாட்டந் தெரியுது. அதான் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என்ற மேல என்ன தப்புன்னு.

என்ற பேரு சென்னியப்பன். ஒரு லாரி வெச்சிருக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான். இந்த பூபதி முன்னால தறி ஓட்டிக்கிட்டிருந்தான். தறி படுத்துக்கிச்சு. எத்தனை பேருத்துத் தறி படுத்துச்சு, அதுல அவனுதும் ஒண்ணு. வூட்டுல சும்மா உக்காந்திருந்தவனை, "வாடா மாப்பிள்ளை, என்ற வண்டியை ஓட்டு"ன்னு கூட்டியாந்து சாவியைக் கையில குடுத்தது யாரு? நானு. தங்கச்சி அன்னைக்கு என்ற கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. "அண்ணா, நீ இல்லைன்னா நாங்க என்ன ஆயிருப்போம்"னா. அதே வாய்தாங்க இன்னைக்கு இப்படிப் பேசுது.

அவன் வர்றதுக்கு முன்னால ஒரு டிரைவர் இருந்தான். ஆகாவளிப் பய. ரேடியேட்டர்ல தண்ணி இல்லாமயே ஓட்டி, இஞ்சினைப் புடிக்க வெச்சுட்டான். எதுக்க டேஷ்போர்டுல சூடு காட்டற முள்ளு இருக்குதுங்க, செவப்புக் கோட்டைத் தாண்டி நிக்குது, அவன் பாட்டுக் கேட்டுக்கிட்டு ஓட்டியிருக்கறான். வண்டி மூணு மாசம் ஒர்க்‌ஷாப்புல நின்னுச்சு. நான் தூங்கலைங்க அந்த மூணு மாசமும். அப்ப முடிவு பண்ணினேன், இனிமே எவன் கண்ணையும் நம்பறதில்லைன்னு.

அப்பத்தான் இந்தச் சாமானைப் பத்திக் கேள்விப்பட்டேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் வெச்சிருக்கறாங்க, எல்லாப் புது வண்டியிலயும் இருக்குது, கம்பெனிக்காரங்க வண்டியைச் சோதிக்கறதுக்குன்னு. அதுல இதைச் சொருகிப்போட்டா, இஞ்சின் எவ்வளவு சூடா இருக்குதுன்னு போன்ல நெம்பரா வந்துரும். ஒயரு இழுக்க வேண்டியதில்லை, ஓட்டை போட வேண்டியதில்லை. சென்சாரு வண்டியிலயே இருக்குதுங்க. நமக்குத்தான் கேட்டு வாங்கத் தெரியலை. விலையும் ஒண்ணும் பெரிசில்லைங்க, ஒரு தடவை குடும்பத்தோட ஓட்டல்ல சாப்பிடற காசுதான்.

எங்கூர்ல அயூப்புன்னு ஒரு மெக்கானிக். கெட்டிக்காரந்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா வாய் ஜாஸ்தி. அவன்கிட்டக் காட்டினேன். "நல்ல சாமாந்தான் அண்ணா. ஆனா தண்ணி கொறைஞ்சு போச்சுன்னா சென்சாரு காத்துல நிக்கும், அப்ப நெம்பரு கொறைச்சலாத்தான் காட்டும். இதையே முழுசா நம்பிக்காதீங்க. முதல்ல ரேடியேட்டர் ரப்பர் குழாயை, அந்த ஓஸை மாத்துங்க, வெடிப்பு உட்டிருக்குது"ன்னான். நான் சிரிச்சுட்டேன். இல்லீங்க, சூடு ஏறினாத்தான் நெம்பர்ல தெரிஞ்சு போகுதே, அப்புறம் எதுக்கு நல்லா இருக்கற ஓஸை முன்கூட்டியே மாத்தறது? அவனுக்கு வேலை வேணுமில்லைங்களா. அதுக்குச் சொல்றதுதான்.

பூபதிக்கு முதல்ல ஒரே குசி. போனை ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டி வெச்சுக்கிட்டு, எனக்கு அவனே கூப்பிட்டு, "மச்சான், எண்பத்திரெண்டு. மச்சான், எண்பத்தஞ்சு"ன்னு கிரிக்கெட் ஸ்கோராட்டச் சொல்லுவான். நானும் ஒரு ஒழுங்கு வெச்சேன். ஒரு மணிக்கொருக்கா நான் கூப்பிடுவேன். எடுத்த உடனே நெம்பர் சொல்லோணும். மத்த பேச்செல்லாம் அப்புறம். நூறுக்கு மேல போனா ஓரங்கட்டோணும். நிறுத்தி, அறுபத்தஞ்சுக்குக் கீழ வந்தப்புறம் மூடியைத் தெறந்து தண்ணி ஊத்தோணும், இல்லாட்டிக் கொதிதண்ணி மூஞ்சியில பீச்சிரும். இந்த டிரைவருங்க பழக்கம் இருக்குது பாருங்க, தண்ணி ஊத்தறேன்னு ஒரு மணி நேரம் நிறுத்திப்போட்டு, பொறங்கையால ஓஸைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு, அப்படியே ஒரு தூக்கம், ஒரு டீ. அந்தக் கதையே வேண்டாம். கையி என்ன தெர்மாமீட்டருங்களா? நெம்பர் வந்தாச்சுன்னா தெற. அவ்வளவுதான். சொல்லுங்க, இது தப்புங்களா?

ஒருக்கா கிருஷ்ணகிரிப் பக்கம் மேடு ஏறும்போது கூப்பிட்டேன். "தொண்ணூத்தியேழு மச்சான்"னான். வைய மாட்டனுங்களா? வெஞ்சேன். "கியரைக் கொறைச்சு ஓட்டத் தெரியாதாடா? ஏண்டா, தறியை ஓட்டித் தொலைச்சாப்பல என்ற வண்டியையும் தொலைக்கப் பாக்கறயா? உன்னையெல்லாம் உக்கார வெச்சுச் சோறு போட்டிருக்கோணும், சாவியைக் குடுத்தது என்ற புத்தி"ன்னேன். கோவத்துல நாலு வார்த்தை வர்றதுதானுங்களே, மனசுல ஒண்ணும் இல்லை. அன்னைக்குப் பூராம் பத்து நிமிசத்துக்கொருக்கா கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டான். எறங்கி எறங்கி எண்பத்தெட்டுக்கு வந்தப்புறந்தான் நான் சோறு தின்னேன்.

ஆனா ஒண்ணுங்க, அந்த ஒரு வசவு வேலை செஞ்சுது. பையன் திருந்திட்டான். அதுக்கப்புறம் எப்பக் கூப்பிட்டாலும் எண்பத்தெட்டு. டோல்கேட்டுல நின்னாலும் எண்பத்தெட்டு. தொப்பூர் மேட்டுல பாரத்தோட ஏறும்போது கேட்டாலும் எண்பத்தெட்டு. சித்திரை வெயில்லயும் எண்பத்தெட்டு. ஓட்டற தினுசு தெரிஞ்சு போச்சுன்னா இஞ்சின் அப்படித்தான் நிக்கும். அயூப்புகிட்டப் பெருமையாச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். "எப்பவுமே எண்பத்தெட்டுங்களா?"ன்னான். "எப்பவுமே"ன்னேன். ஸ்பானரை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போயிட்டான். பொறாமைங்க. என்ற வண்டி அவன்கிட்ட வராமப் போச்சுன்னா பொழப்பு போகுமல்ல.

தங்கச்சி ஒரு நாள் சொன்னா. அவ பேரு சாரதாமணி. "அண்ணா, வண்டி ஓட்டறப்ப அவரைச் சும்மா சும்மா கூப்பிடாதண்ணா. வூட்டுக்கு வந்தாலும் தூக்கத்துல எண்பத்தெட்டு எண்பத்தெட்டுன்னு பொலம்பறாரு"ன்னா. எனக்குச் சந்தோசமாப் போச்சு. தூக்கத்துலயும் வேலை நெனப்பு பாருங்க! அப்படி ஒரு டிரைவர் யாருக்குக் கெடைப்பான்? மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல வேட்டி சட்டை எடுத்துக் குடுத்தேன். அந்தச் சட்டையைத்தான் அன்னைக்கும் போட்டிருந்தான்.

அன்னைக்கு முட்டை லோடு. நாமக்கல்ல ஏத்திக்கிட்டு பெல்காமுக்குப் போகோணும். சித்திரை மாசத்து முட்டைங்க, வழியில நின்னா வீணாப் போயிரும். முட்டைக்காரரு காத்தால இருந்து என்னைப் புடுங்கி எடுக்கறாரு, "வண்டி எங்க, வண்டி எங்க"ன்னு. உச்சி வெயில். நான் கூப்பிட்டேன். மணி அடிச்சு அடிச்சு ஓயுது, எடுக்கலை. திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தான்.

"மச்சான், தொப்பூர் மேட்டுல ஓரங்கட்டிட்டேன். பொகை வருது"ன்னான்.

"எவ்வளவுடா காட்டுது?"

"நூறைத் தாண்டிருச்சுங்க"ன்னான்.

எனக்கு உசுரே போச்சு. பழைய இஞ்சின் நெனப்பு வந்துருச்சுங்க. என்னென்னவோ சொன்னேன். சொன்னதெல்லாம் உங்ககிட்ட எதுக்கு. இஞ்சின் போச்சுன்னா நீயும் உன்ற பொண்டாட்டியும் என்ற வூட்டுப் படி ஏறாதீங்கன்னு சொன்னேன். அது ஒண்ணு சொன்னேன், ஒத்துக்கறேன். மத்தபடி நல்லதுதான் சொன்னேன். இஞ்சினை நிறுத்து, நெம்பர் எறங்கட்டும், அறுபத்தஞ்சுக்கு வந்தப்புறம் தண்ணி ஊத்துன்னேன். சரியாத்தானுங்களே சொல்லியிருக்கறேன்? எந்தக் கோர்ட்டுல வேண்ணாலும் சொல்லுவேன்.

அப்புறம் முட்டைக்காரரு கூப்பிடறாரு. அவருகிட்டப் பேசிட்டு இவனைக் கூப்பிடறேன். "எவ்வளவு?" "தொண்ணூறு மச்சான்." திரும்ப முட்டைக்காரரு. திரும்ப இவன். "எவ்வளவு?" "எண்பது." "எறங்குதாடா? சீக்கிரம் எறங்கலைன்னா உள்ள எல்லாம் வெந்து போச்சுன்னு அர்த்தம், தெரியுமல்ல?" "எறங்குது மச்சான், எறங்குது." கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிட்டா, எடுத்த உடனே சொல்றான். "அறுபத்தொண்ணு மச்சான்."

அறுபத்தொண்ணு. இந்தக் காதுல கேட்டனுங்க.

"அப்புறம் என்னடா பாத்துக்கிட்டு நிக்கறே? தெறந்து ஊத்து"ன்னேன்.

"இன்னுங் கொஞ்ச நேரம் போகட்டுங்களா மச்சான்"ன்னான்.

"நெம்பர் வந்தாச்சல்ல? அறுபத்தொண்ணுன்னு நீதானடா சொல்றே? அப்புறம் எதுக்கு நேரம் போகோணும்? டீ குடிக்கறதுக்கா? நான் லைன்லயே இருக்கறேன். தெற"ன்னேன்.

போனை வண்டி மேல வெச்சான் போல. சாக்கை எடுக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மூடி திருகற சத்தம். அப்புறம்... அதைச் சொல்ல வேண்டாமுங்க. மாட்டை அறுக்கறப்பக் கூட அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. வூட்டுல மிக்சி ஓடினாக்கூட இப்ப எனக்கு அந்தச் சத்தந்தான் கேக்குது. மிக்சியை ஓட்டாதடீன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருக்கறேன்.

யாரோ வேற லாரிக்காரன் ஓடியாந்திருக்கறான். அவன் என்ற மாப்பிள்ளையோட போனை எடுத்து, "யாருங்க, இவருக்கு நீங்க யாருங்க?"ங்கறான். நான் கேட்டேன், "தம்பி, அந்தப் போன்ல ஒரு நெம்பர் இருக்கும், எவ்வளவு காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு. அவன் என்னைக் கெட்ட வார்த்தையில வெஞ்சுட்டு வெச்சுட்டான். என்ன ஏதுன்னு தெரியாம வையறானுங்க. அப்பவே அவன் பாத்துச் சொல்லியிருந்தா எனக்கு இன்னைக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும். இந்தச் சாமான்ல ஒரு கொறை என்னன்னா, பழைய நெம்பரை எடுத்து வெக்காது. விலை ஜாஸ்தி குடுத்தா எடுத்து வெக்கற மாதிரியும் இருக்குதாம். அதுக்குத் தகுந்த காசு.

முட்டையை வேற வண்டிக்கு மாத்தி உட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். அதையும் தப்புங்கறா தங்கச்சி. "முட்டையை ஏத்தி உட்டுட்டு வந்தயாண்ணா"ன்னு கேக்கறா. பின்ன, நடுரோட்டுல உட்டுட்டா வர முடியும்?

வண்டியை இழுத்துட்டு வந்து அயூப் பாத்தான். அடி ஓஸு வெடிச்சிருக்குதாம், இஞ்சினுக்கு மேல இருக்கற ஹெட்டும் சூட்டுல வளைஞ்சு போச்சாம். "அறுபத்தொண்ணாவது ஒண்ணாவது. தண்ணி எறங்கி சென்சாரு காத்துல நின்னிருக்கும், நான் அப்பவே சொன்னனே அண்ணா"ன்னான். அதை ஒர்க்‌ஷாப்புல நின்ன ஆளுங்க கேட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊர் பூராம் பரவிப் போச்சு. சென்னியப்பன் சல்லிசா ஒரு சீனாச் சாமானை வாங்கி மாட்டி, தங்கச்சி புருசன் கண்ணைப் புடுங்கிட்டான்னு. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் அதையே பேசுது. சாரதாமணி இதே எடத்துல நின்னு, இத்தனை பேருக்கு முன்னால, "உன்ற மெசின் என்ற புருசன் கண்ணைத் தின்னுருச்சு, போதுமா?"ன்னு கத்தினா. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன். அவளைத் தூக்கி வளத்தினவனுங்க நானு.

அதைத்தான் கேக்கறேன். மெசின் பொய் சொல்லுமுங்களா? அயூப் சொல்ற மாதிரி இருந்துருமோன்னு ஒரு வெசனம் எனக்கும் இருக்குது, பொய் சொல்லலை. அப்படின்னா நான் வாங்கின சாமானாலதான் ஆச்சுன்னு ஆகுமே. நெனச்சா வாயில சோறு எறங்க மாட்டேங்குது. அதுக்குத்தான் தினமும் வர்றேன். பூபதி வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். "அறுபத்தொண்ணுன்னு போன்ல என்ற கண்ணால பாத்தேன், மச்சான் சரியாத்தான் சொன்னாரு"ன்னு தங்கச்சிகிட்ட அவன் ஒருக்காச் சொன்னாப் போதுமுங்க. அவன் ஒருத்தன்தான் அதைப் பாத்தவன். வேற ஆரு இருக்கறாங்க?

அதா, நர்சுப் புள்ளை வருது. என்னம்மா? என்னையா? என்னையத்தானா? சரியாக் கேட்டயா, சென்னியப்பனைன்னு சொன்னானா? பாத்தீங்களா! பாத்தீங்களாங்க, என்ற மாப்பிள்ளை என்னைக் கூப்பிடறான்! தங்கச்சி டிபன் வாங்கப் போயிருக்கறாளாமா, அந்த நேரம் பாத்து வரச் சொல்றான். இந்தப் பையைச் சித்தெ பாத்துக்குங்க. வந்தர்றேன்.

வந்துட்டனுங்க. இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

நல்லாப் பேசறானுங்க. மூஞ்சியெல்லாம் மருந்து. ஒதடு மட்டுந்தான் தெரியுது. என்ற செருப்புச் சத்தம் கேட்ட உடனே கையை நீட்டிக் காத்துல தேடினான். நான் போயிப் புடிச்சுக்கிட்டேன். கடைசி வரைக்கும் உடவே இல்லை. எடது கண்ணு போச்சுங்களாம், டாக்டர் சொல்லிட்டாராம். வலது கண்ணு கட்டுப் பிரிச்சாத்தான் தெரியுமாம். அதை அவனே சொல்றான், எனக்கு ஆறுதல் சொல்றாப்பல.

அப்புறம், "மச்சான், நீங்க வெளியவே உக்காந்திருக்கறீங்கன்னு நர்சு சொன்னாங்க. மனசு கேக்கலை. உங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன், சாரதாகிட்டச் சொல்லிராதீங்க"ன்னான்.

அறுபத்தொண்ணு இல்லைங்களாம்.

அவன் பாக்கவே இல்லைங்களாம்! சாவியைத் திருப்பி வெச்சிருந்தாத்தான் அது நெம்பர் காட்டும். இவன் இஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில எடுத்துட்டான். போன்ல ஒண்ணுமே காட்டலை. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேக்கறதுக்கு, தொண்ணூறு, எண்பதுன்னு வாயில வந்ததைச் சொல்லியிருக்கறான். கொறையலைன்னு சொன்னா நான் வைவேன், இஞ்சின் போச்சுன்னு கத்துவேன்னு, அறுபத்தொண்ணுன்னு சொல்லிட்டானாம். "அறுபதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்கன்னு ஒண்ணு சேத்துச் சொன்னேன் மச்சான்"ங்கறான்.

அப்ப ஏண்டா தெறந்தேன்னு கேட்டேன். "அறுபத்தொண்ணுன்னு என்ற வாயாலயே சொல்லிட்டனே மச்சான். நீங்க தெறன்னு சொன்னப்புறம் மாட்டேன்னு எப்படிங்க சொல்றது? இவ்வளவு நேரம் ஆச்சே, ஆறியிருக்கும்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டுத் தெறந்தேன்"ங்கறான்.

இன்னொண்ணு கேளுங்க. அந்த எண்பத்தெட்டு. அதுவும் அப்படித்தானாமா. கிருஷ்ணகிரியில வாங்கின வசவுக்கு அப்புறம் அவன் அந்த நெம்பரை ஒரு நாள் கூடப் பாத்ததில்லையாம். போன் வந்தா எண்பத்தெட்டுன்னு சொல்லிருவானாம். மேடு ஏறறப்ப ஒரு கையில ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு, போனை மாத்தி மாத்திப் பாக்கறதுக்குள்ள உசுரு போயிருமாம். பயமா இருந்துச்சாம். ரோட்டைப் பாத்து இல்லைங்க. என்ற போனைப் பாத்து.

எனக்கு அழுகை வந்துருச்சுங்க. ஆமா, அழுதுட்டேன். எதுக்குன்னு தெரியலை. பாவம், அவன் கையி என்ற கைக்குள்ளயே கெடக்குது. புது மாப்பிள்ளையா வந்தப்ப இதே கையைப் புடிச்சு நான்தான் சம்பந்தக்காரங்களுக்கு முன்னால உக்கார வெச்சேன்.

ஆனா பாத்தீங்களா, மெசின் மேல தப்பே இல்லை! அயூப் என்னமோ காத்துல நிக்குது, தண்ணியில நிக்குதுன்னான். ஒண்ணும் இல்லை. அது பாட்டுக்குச் சரியாத்தான் இருந்திருக்குது. அதை ஒருத்தன் பாக்கவே இல்லைன்னா அது என்னங்க பண்ணும்? நானும் அவன் சொன்ன நெம்பரை வெச்சுத்தானுங்களே சொன்னேன்? சரியான நெம்பரைச் சொல்லியிருந்தா, இருடா, ஆறட்டும்னு சொல்லியிருக்க மாட்டனா? நெஞ்சுல கல்லு மாதிரி கெடந்துதுங்க, எறங்கிப் போச்சு. இன்னைக்குத்தான் நான் மூச்சு உடறேன்.

சாரதாகிட்டச் சொல்லாதீங்கன்னு ஏன் சொல்றான்னு கேட்டனுங்க. "அவளுக்குக் கோவப்படறதுக்கு ஒரு ஆளு வேணும் மச்சான். அது உங்க மேல இருக்குது. இருந்துட்டுப் போகட்டும், கூடப் பொறந்தவங்க, நாளைக்குச் சரியாப் போயிரும். நானே பொய் சொல்லிக் கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா அவ ஒடைஞ்சு போயிருவா. ராத்திரியெல்லாம் என்ற கட்டில்கிட்ட உக்காந்துக்கிட்டு, நீங்க ஒரு தப்பும் பண்ணலை, நீங்க ஒரு தப்பும் பண்ணலைன்னு சொல்லிக்கிட்டே இருக்கறா. அந்த ஒரு வார்த்தையிலதான் அவ நிக்கறா. உங்ககூடப் பேசச் சொல்லி அவகிட்ட நான் காத்தாலயே சொல்லிட்டேன்"ன்னான். சரிடா மாப்பிள்ளைன்னு கையை அமுத்திக் குடுத்துட்டு வந்தேன்.

சரின்னுதாஞ் சொன்னேன். ஆனா அதெப்படிங்க? ஊர் பூராம் என்னைத்தான் சொல்லுது. கூடப் பொறந்தவ என்னை வாசல்ல நிறுத்தறா. உண்மை தெரிஞ்சுக்கிட்டு நான் வாயை மூடிக்கிட்டு இருக்கோணும்ங்களா? அவளுக்கும் தெரியோணுமல்ல, யாரு மேல தப்புன்னு? ஒடைஞ்செல்லாம் போக மாட்டா, திடமான பொண்ணு, எங்கப்பனாட்டம்.

அதா வர்றாளுங்க. நீலச் சீலை. கையில பொட்டலம். பாக்கறா. நேரா இங்கதான் வர்றா.

வா அம்மிணி. என்னது, எனக்கா? இல்லை, காத்தால ஒண்ணும் சாப்பிடலை. யாரு சொன்னது, அவனா? இட்லியா? வையி, திங்கறேன். அழுகாத. ஏன் அழுகறே, அண்ணன் இங்கதான இருக்கறேன். கேட்டீங்களாங்க? சாப்பிட்டயாண்ணாங்கறா. இத்தனை நாளைக்கு அப்புறம் இப்பத்தான் என்னை அண்ணான்னு கூப்பிடறா. வாய் தொறந்து பேசற நேரத்துலதானுங்களே எதையும் சொல்லோணும்?

ஏனுங்க, நீங்க எதுக்கு என்ற கையைப் புடிச்சு இழுக்கறீங்க? உடுங்க. உடுங்கன்னா. இவரு யாருமில்லை அம்மிணி, அம்மாளுக்குப் புரை எடுக்க வந்திருக்கறாரு, நல்ல மனுசன். நீ பொட்டலத்தைக் கீழ வெச்சுட்டு இப்படி உக்காரு. கண்ணைத் தொடை. உன்ற புருசன் இப்ப உள்ள ஒண்ணு சொன்னான்.